ஈரல் தரலாம், வேகவைத்த பிறகு

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பெண் லாப்ரடார் இருக்கிறாள். கருத்தடை செய்தாகிவிட்டது. எடை 34 கிலோ. நான்கு கிலோவாவது குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையில் விற்கும் காய்ந்த சிக்கன் துண்டுகள் விலை கட்டுப்படியாகவில்லை. அதில் என்ன சேர்க்கிறார்கள் என்றும் தெரியவில்லை. எங்கள் கறிக்கடைக்காரர் ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), நுரையீரல் எல்லாம் எடுத்து வைத்துத் தருகிறார். அவற்றை உப்புக்கண்டம் போல வெயிலில் காயவைத்து, பயிற்சிக்கான நொறுக்குத்தீனியாக வைத்துக்கொள்ளலாமா? என் மாமியார், "பச்சை ஈரல்தான் நல்லது, ரத்தம் ஊறும். ஊரில் எங்கள் சிப்பிப்பாறை நாய்களுக்குப் பச்சையாகத்தான் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். எங்கள் ஆறு வயது மகள் எந்நேரமும் நாயைக் கட்டிக்கொண்டுதான் இருப்பாள். மீந்ததைத் தெரு நாய்களுக்குப் போடலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஈரல் இல்லை, கடைசிக்கு முந்தின வரி. ஆறு வயதுக் குழந்தை, எந்நேரமும் நாயைக் கட்டிக்கொண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மாமியார் சொல்வது உண்மை. பச்சை ஈரல் தின்ற சிப்பிப்பாறை நாய்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஓடியிருக்கும், முயல் பிடித்திருக்கும், பளபளவென்று இருந்திருக்கும். ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். ஒரு வகை நாடாப்புழுவின் இளம்பருவம் அது. அந்தக் கட்டியோடு பச்சை ஈரலை நாய் தின்றால், ஏறக்குறைய ஆறேழு வாரத்தில் அதன் குடலில் அவை முழுப் புழுக்களாகின்றன. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம்தான், அரிசியைவிடச் சிறியது. ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய்க்குப் பெரிதாக ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் அதன் மலத்தில் முட்டைகள் வெளியே வரும்; வால் பக்கத்து முடியில் ஒட்டும்; நாய் தன்னை நக்கும்போது வாய்க்கும் முதுகுக்கும் பரவும். நாயைக் கட்டிப்பிடித்த கையோடு முறுக்கு தின்னும் குழந்தையின் வயிற்றுக்கு அந்த முட்டை போனால், குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரத் தொடங்கும். சத்தமே இல்லாமல், வருடக்கணக்கில். பெரியவளான பிறகு வயிற்று வலி என்று போய் ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். பல நேரம் அறுவை சிகிச்சைதான் வழி.

கால்நடை மருத்துவ மாணவனாக இருந்தபோது இறைச்சிப் பரிசோதனை கற்றுக்கொள்ள எங்களை அறுவைக்கூடத்துக்கு அழைத்துப்போவார்கள். ஒரு செம்மறியின் ஈரலில் வெள்ளைத் திராட்சை பதித்த மாதிரி கட்டிகள் இருந்தன. கத்தி நுனி பட்டதும் தெளிந்த தண்ணீர் பீய்ச்சியது. ஆடு நன்றாகத்தான் நடந்து வந்ததாம். அன்றிலிருந்து பச்சை ஈரலைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் என் பதில் மாறியதே இல்லை: கூடாது. இதை அத்தையிடம் சொல்லும்போது, அவர் அனுபவம் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். நாய்க்கு ஒன்றும் ஆகாது என்பது சரி, பேத்திக்கு ஆகலாம் என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

இதற்கு மருந்து, அடுப்பு. ஈரலோ நுரையீரலோ சிறு துண்டுகளாக நறுக்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 30 நிமிடம் வேகவிட்டால் அந்தப் புழுவின் இளம்பருவம் செத்துவிடும். கோழி ஈரலில் இந்தப் புழு வராது. ஆனால் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூடானால் அவையும் போய்விடும். வீட்டில் தெர்மாமீட்டர் வேண்டாம். வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்போ ரத்தக் கசிவோ இருக்கக்கூடாது. வேகவைத்தால் சத்து போய்விடாதா என்று கேட்பார்கள். இரும்பும் தாமிரமும் எங்கேயும் போகாது. ஏ வைட்டமினும் பெரும்பாலும் நிற்கும். பி வைட்டமின்களில் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும்; அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து நாயின் சோற்றில் ஊற்றிவிட்டால் தீர்ந்தது.

இதுவரை பச்சையாக ஏதாவது கொடுத்திருந்தால், உங்கள் டாக்டரிடம் நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் சேர்ந்த மாத்திரையை எடை பார்த்துக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பூச்சி மாத்திரைகள் எல்லாவற்றிலும் அது இருக்காது. மருந்து கொடுத்த சில நாள்கள் நாய் மலம் கழித்தால் கையுறையோடு எடுத்துக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.

இப்போது உப்புக்கண்டம். யோசனை அழகானது, நம் வீட்டு முறை. ஆனால் உப்புக்கண்டத்தைக் கெடாமல் காப்பது வெயில் மட்டுமில்லை, உப்பு. அந்த அளவு உப்பு நாய்க்கு ஆகாது. உப்பில்லாமல் பச்சை ஈரலை மொட்டை மாடியில் போட்டால் மதுரை வெயிலிலும் அது காய்வதற்குள் ஈ மொய்த்து, முட்டை வைத்து, கிருமி பெருகிவிடும். வெயில் வேகவைக்காது, ஈரப்பசையை மட்டும்தான் எடுக்கும். உலர்த்தும் மின்கருவி வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதிலும் இதே கதை: ஈரம் சீக்கிரம் போய்விட்டால் கிருமிகள் காய்ந்த நிலையில் சூட்டைத் தாங்கப் பழகிவிடும். அதனால் எந்த முறையானாலும் முதலில் வேகவைப்பது, பிறகு உலர்த்துவது. வரிசை மாறக்கூடாது.

அடுத்தது அளவு. இதில்தான் பாசக்காரர்கள் தப்பு செய்கிறார்கள்.

ஈரல் என்பது கறி இல்லை, அது ஒரு சேமிப்புக் கிடங்கு. அந்த விலங்கு வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த ஏ வைட்டமினும் தாமிரமும் அதில்தான் இருக்கின்றன. 100 கிராம் செம்மறி ஈரலில் சுமார் 7,000 மைக்ரோகிராம் ஏ வைட்டமின் உண்டு. உங்கள் நாய் அளவுள்ள ஒன்றுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 500. அதாவது ஒரு கைப்பிடி ஈரலில் இரண்டு வாரத்துக்கானது இருக்கிறது. கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் மிஞ்சியது உடம்பில் தங்கும். பூனையைவிட நாய் இதைத் தாங்கும், ஒரு நாள் கூடிவிட்டால் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் தினமும் கூடினால்தான் பசி குறைவது, எலும்பு மூட்டு வலி, கழுத்தைத் திருப்ப முடியாமல் இறுகுவது எல்லாம் வரும். வளரும் குட்டிகளிடம் இன்னும் கவனம் வேண்டும்.

தாமிரம் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் உங்களிடம் இருப்பது லாப்ரடார். இந்த இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே தாமிரத்தை ஈரலிலிருந்து வெளியேற்றும் திறன் குறைவு. அது சேர்ந்து சேர்ந்து ஈரலையே கெடுக்கும். நடுவயதில், பெண் நாய்களிடம் அதிகம் பார்க்கப்படுகிறது. உங்கள் நாய்க்கு இருக்கிறது என்று சொல்லவில்லை; இருந்தால் வெளியே பார்த்துத் தெரியாது என்கிறேன். செம்மறி ஈரலில் 100 கிராமுக்கு சுமார் 7 மில்லிகிராம் தாமிரம், மாட்டு ஈரலில் 10-ஐ ஒட்டி. கோழி ஈரலில் அரை மில்லிகிராம்தான். உங்கள் நாய்க்கு ஒரு நாள் தேவையான இரண்டு, இரண்டரை மில்லிகிராம் அவள் சாப்பிடும் பாக்கெட் உணவிலேயே இருக்கும். மேலே 30 கிராம் ஆட்டு ஈரல் கொடுத்தால் அது இரட்டிப்பாகிவிடும். ஆகவே ஆட்டு ஈரலை வீட்டுக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்குக் கோழி ஈரல் வாங்குங்கள். விலையும் குறைவு. அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ஈரல் நொதிகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பசி மந்தம், அடிக்கடி வாந்தி, வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிப்பது, கண் வெள்ளையில் மஞ்சள் இதெல்லாம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

எடையும் குறைக்க வேண்டியிருக்கிறது. 30 கிலோவை இலக்காக வைத்தால் அவளுக்கு நாளொன்றுக்கு சுமார் 900 கலோரி. நொறுக்குத்தீனி எதுவானாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது: 90. அதையும் சாப்பாட்டிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும், மேலே கூட்டக் கூடாது. பச்சையாக நிறுத்த கோழி ஈரல் ஒரு வாரத்துக்கு 100 முதல் 120 கிராம் போதும். பச்சை எடை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈரலில் முக்கால் பங்கு தண்ணீர். காய்ந்த பிறகு 100 கிராம், 30 கிராம் ஆகிவிடும். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும், கை தாராளமாகப் போகும்.

மிச்சத் தீனிக்கு நுரையீரல் இருக்கிறது. நம் ஊரில் அதை மதிப்பதில்லை. நாய்த்தீனிக்கு அதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை. கொழுப்பு மிகக் குறைவு, ஈரல் போல வைட்டமின் குவியல் இல்லை, காய்ந்தால் அப்பளம் மாதிரி லேசாக நொறுங்கும். கோழிக் கந்தனக்காயும் அப்படித்தான், அது வெறும் தசை. உள்ளே இருக்கும் மஞ்சள் தோலையும் மண்ணையும் சுத்தம் செய்தால் போதும். நெஞ்சும் (இதயம்) தசைதான், மேலே படிந்த கொழுப்பை மட்டும் வெட்டிவிடுங்கள். சுவரொட்டியில் இரும்புச்சத்து நிறைய. வேகவைத்து வாரம் ஒருமுறை இரண்டு துண்டு தரலாம், அதற்கு மேல் போனால் மலம் இளகி, கறுத்துப் போகும்.

கறிக்கடைக்காரரிடம் வாங்கக் கூடாத ஒன்று இருக்கிறது. தொண்டைப் பகுதி. மூச்சுக்குழலை ஒட்டித் தைராய்டு சுரப்பி இருக்கும். அது ஒட்டிக்கொண்டு வந்த தொண்டைக் கறியைத் தொடர்ந்து தின்ற நாய்களுக்குத் தைராய்டு கூடிப்போய் இளைப்பும் படபடப்பும் வந்திருக்கின்றன. வேகவைத்தாலும் அந்தச் சுரப்பு அழியாது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி சமையலுக்கு வருவோம். நிறைய வீட்டில் ஓவன் கிடையாது, அதனால் இட்லிப் பானையில் செய்கிற முறையைச் சொல்கிறேன். என் வீட்டில் இப்படித்தான்.

கால் கிலோ கோழி ஈரல். ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை நிறப் பித்தப்பையை உடையாமல் நறுக்கி எடுங்கள். உடைந்து பச்சைக் கறை பட்ட இடத்தையும் வெட்டிப் போடுங்கள், கசக்கும். குழாயைத் திறந்துவிட்டு அலசாதீர்கள், கிருமி தண்ணீரோடு சிங்க்கெல்லாம் தெறிக்கும். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அலசி எடுத்தால் போதும். ஒரு முட்டையோடு சேர்த்து மிக்ஸியில் அரைத்து, 150 கிராம் கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிளறுங்கள். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழ வேண்டும். தட்டில் துளி எண்ணெய் தடவி, குழியில் பாதி மட்டும் ஊற்றி, 20 நிமிடம் வேகவையுங்கள். குச்சி விட்டால் ஒட்டாமல் வர வேண்டும். ஆறிய பிறகு பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். ஏறக்குறைய 300 துண்டு வரும். தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் பரப்பி, அடுப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, அவ்வப்போது புரட்டிக்கொண்டே அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விட்டால் வெளியே மொறுமொறுப்பாகிவிடும். கருகவிடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாசனை மூன்றாவது வீடு வரை போகும். ஒரு துண்டில் மூன்று கலோரிகூட இருக்காது, ஈரல் ஒரு கிராமுக்கும் குறைவு. நாளொன்றுக்கு 20 துண்டு தரலாம். மேலே சொன்ன வாரக் கணக்குக்கு அது சரியாக வரும். பயிற்சியில் நாய்க்குத் துண்டின் பருமன் முக்கியமில்லை, எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான்.

நுரையீரலைக் குக்கரில் வைக்காதீர்கள். நுரைத்துப் பொங்கி விசில் துளையை அடைத்துவிடும். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து, துண்டுகள் மிதக்கும் என்பதால் மேலே ஒரு தட்டால் அமுக்கி, கொதி வந்ததிலிருந்து 30 நிமிடத்துக்குக் குறையாமல் வேகவிடுங்கள். நுரையை எடுத்துப் போடுங்கள். ஆறியதும் மெல்லிசாக நறுக்கி அதே தோசைக்கல்லில் உலர்த்துங்கள். நிதானம் வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

உப்பு, மிளகாய், இஞ்சி பூண்டு விழுது, வெங்காயம் எதுவும் வேண்டாம். கவிச்சி போக என்று நம் கை தானாகப் பூண்டுக்குப் போகும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. தின்ற அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் நாயோடு வந்து நிற்பார்கள். ரத்தம் ஊறட்டும் என்று வீட்டு ஈரல் வறுவலை ஊட்டி, அதில் இருந்த வெங்காயத்தால் ரத்தசோகையோடு வந்த ஒரு பொமரேனியனுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். ஐந்து கிலோ நாய் அது. பிழைத்துவிட்டது, ஆனால் அந்த வீட்டு அம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போட்டால் கெடுதல் இல்லை.

காய்ந்ததுதானே என்று டப்பாவில் அடைத்து அலமாரியில் வைக்க வேண்டாம். வீட்டில் செய்வதில் கடைத் தீனி அளவுக்கு ஈரம் போயிருக்காது. மழைக்காலத்தில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பூக்கும். நான்கு நாளுக்கானதை ஃப்ரிட்ஜில் வையுங்கள், மீதியைச் சிறு பொட்டலங்களாக ஃப்ரீசரில். இரண்டு மாதம் தாங்கும். மின்தடையில் உருகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். பச்சை ஈரல் பட்ட பலகை, கத்தி, மிக்ஸி ஜாரை உடனே சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவுங்கள். மகள் உதவிக்கு வந்தால் வெந்த இட்லியை நறுக்கும் வேலையைக் கொடுங்கள், பச்சை ஈரல் பக்கம் வேண்டாம். நாயோடு விளையாடிவிட்டுச் சாப்பிட உட்காரும் முன் கை கழுவும் பழக்கமும் அவளுக்கு வர வேண்டும்.

முதல் நாள் இரண்டு துண்டு மட்டும் கொடுத்து இரண்டு நாள் பாருங்கள். மலம் கொஞ்சம் கறுப்பாக வருவது ஈரலால்தான். தார் மாதிரி பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு வந்து நாயும் சோர்ந்தால் அது வேறு, டாக்டரிடம் போங்கள். உங்களைப் போலவே செய்ய நினைக்கும் மற்றவர்களுக்கு: டால்மேஷியன் வைத்திருந்தால் உள்ளுறுப்பு வகைகளே வேண்டாம், அந்த இனத்துக்கு யூரிக் அமிலக் கல் எளிதில் வரும். கணைய அழற்சி, சிறுநீரகக் கோளாறு, ஈரல் நோய் உள்ள நாய்களுக்கு டாக்டரைக் கேட்காமல் ஒரு துண்டுகூடத் தர வேண்டாம்.

கடைத் துண்டுகளைப் பற்றிய உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. 2007 முதல் அமெரிக்காவில் காய்ந்த கறித் துண்டுகள் தின்ற நாய்கள் நோயுற்றதாகப் புகார்கள் வரத் தொடங்கின. பெரும்பாலானவை சீனாவிலிருந்து இறக்குமதியானவை. 2014 மே மாதத்துக்குள் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்கு ஏறக்குறைய 4,800 புகார்கள் வந்திருந்தன, 1,000-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அவற்றில் இருந்தது. எவ்வளவோ சோதித்தும் காரணம் இன்னதென்று உறுதியாகவில்லை. கடையில் விற்பதெல்லாம் விஷம் என்று அர்த்தமில்லை. ஆனால் உங்கள் அடுப்பில் வெந்ததில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதற்காகவே இந்த வேலையை நான் ஆதரிக்கிறேன்.

தெரு நாய்களைக் கேட்டீர்கள். தாராளமாகப் போடுங்கள், வேகவைத்து, சோற்றோடு பிசைந்து. அவற்றுக்கு யாரும் பூச்சி மாத்திரை கொடுப்பதில்லை. கறிக்கடை வாசலில் வீசியெறியும் பச்சைக் கழிவைத் தின்றுவிட்டு நம் பிள்ளைகள் விளையாடும் மண்ணில்தான் அவை மலம் கழிக்கின்றன. நறுக்கும்போது ஈரலில் தண்ணீர் கோத்த வெள்ளைக் கட்டி எதையாவது பார்த்தால், கத்தியால் குத்திப் பார்க்க வேண்டாம், அந்தத் துண்டை யாருக்கும் போடவும் வேண்டாம், குப்பைத் தொட்டிக்கும் வேண்டாம். தனியாக அரை மணி நேரம் கொதிக்கவைத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது கடைக்காரரிடமும் சொல்லுங்கள், அப்படிக் கட்டி இருக்கும் ஈரலை வாசல் நாய்க்கு வீச வேண்டாம் என்று.